ஆதாரத்தில் இல்லாத ஆகாசம்

வானம் யாருக்குச் சொந்தம் என்பதையும், ஒரு தேசத்தான் இன்னொரு தேசத்தில் போட்ட முதலுக்கு என்ன பாதுகாப்பு என்பதையும் பற்றி நான் வாழ்நாள் முழுக்க வகுப்பெடுத்திருக்கிறேன். விண்வெளிச் சட்டம் என்று ஒரு நாள் பலகையில் எழுதுவேன், முதலீட்டுச் சட்டம் என்று மறுநாள் எழுதுவேன். இந்த இரண்டையும் ஒரே ஆள் எப்படிக் கட்டி மேய்க்கிறீர்கள் என்று கேட்காத மாணவர்கள் குறைவு. வாய்த்தது அப்படி என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விடுவேன். ஆனால் இதெல்லாம் எங்கே தொடங்கியது என்று கேட்டால் என்னிடம் தெளிவான பதில் உண்டு. ருஷ்யாக்காரன் செயற்கைச் சந்திரனை மேலே அனுப்பிய மறு வருஷத்துக் கோடை விடுமுறையில், முதலமடையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் தொடங்கியது.

அப்போது மதராஸில் சட்டப் படிப்பை முடித்துவிட்டு ஆராய்ச்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். இருந்தது ஒரே இடம். என்னோடு படித்த ஒருவனும் அதற்குக் கேட்டிருந்தான். அவன் குடியானவர் உரிமையைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தான். மலபார்ப் பக்கத்தில் அன்றைக்கு யாரைக் கேட்டாலும் அதைத்தான் பேசினார்கள், அதனால் அவனுக்கு ஒரு சிரமமும் இல்லை. நான் எழுதிக்கொடுத்த தலைப்பு வேறு: விமானம் பறக்கிற உயரத்துக்கும் மேலே யாருடைய சட்டம் செல்லும்?

பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. சட்டமே இல்லாத இடத்தில் ஆராய்ச்சிக்கு என்ன வேலை என்று கேட்டார். பிறகு அவராகவே ஒரு வழியும் சொன்னார். நிலம் யாருடையதோ, அதன் மேலே உள்ள வானமும் அவருடையதே என்று இங்கிலீஷ்காரர்களின் கோர்ட்டுகளில் ஒரு பழைய விதி உண்டு.

“அப்படியானால் அந்தச் செயற்கைச் சந்திரன் ஒவ்வொரு சுற்றிலும் உன் அப்பாவின் தோட்டத்தில் அத்துமீறி நுழைகிறது. நம் ஜனங்களும் அப்படித்தான் நினைத்தார்களா? அதைக் காட்டு முதலில்” என்றார்.

விடுமுறை முடிவதற்குள் ஒரு குறிப்பு எழுதிக் குழுவின் முன் வைக்கவேண்டும். அதில் சரக்கு இருந்தால் இடம் எனக்கு, இல்லாவிட்டால் அவனுக்கு. எனக்கு அது கிடைக்காவிட்டால் சித்தூரில் ஒரு வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்து வாய்க்கால் வரப்பு வழக்குகளுக்கு வாய்தா வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அப்பா அதற்குப் பேசியே வைத்திருந்தார். எனக்கு அதை நினைத்தாலே எரிச்சல் வந்தது.

ரயில் பொள்ளாச்சியைத் தாண்டும்போது எனக்குப் பிடி கிடைத்தது. நம் ஜனங்கள் தங்களுக்கு எது சொந்தம் என்பதை எங்கே எழுதி வைக்கிறார்கள்? நிலப் பத்திரத்தில். எங்கள் பக்கம் அதை ஆதாரம் என்போம். எங்கள் வீட்டு ஆதாரம் அப்பாவின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. இவ்வளவு சுலபமா என்று எனக்கே சந்தோஷமாகிவிட்டது.

அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே அப்பாவிடம் கேட்டேன். நம்ம பூமி ஆதாரத்தை ஒருதரம் பார்க்க வேணும் என்றேன், அவ்வளவுதான். அப்பாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. அம்மா ரசம் ஊற்றவந்தவள் ஊற்றாமலே உள்ளே போய்விட்டாள்.

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்பன் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று சட்டம் வந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. எங்கள் ஜாதியில் எந்தப் பெண்ணும் அதுவரை வாய் திறந்து கேட்டதில்லை. எந்த வீட்டில் முதலில் கேட்கப்போகிறார்கள் என்று ஊரே காத்திருந்த காலம். இந்த நிலையில் சட்டம் படித்த மகள் மதராஸிலிருந்து வந்து இறங்கிய அன்றே ஆதாரத்தை எடு என்கிறாள். இவ்வளவு படித்தும் இது என் மண்டையில் ஏறவில்லை.

எனக்குப் பூமி வேண்டாம், அதுக்கு மேலே இருக்கிறதைப் பற்றித்தான் பார்க்கவேண்டும் என்று விளக்கினேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. மேலே தென்னையும் பனையும் மாமரமும் அல்லவா இருக்கின்றன.

இரண்டு நாள் அப்பா என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அண்ணன் வந்து சேர்ந்தான். அவன் பீர்மேட்டில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் குமாஸ்தா. ஆள் விட்டுச் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். மலையிறங்கி, பஸ் மாறி, ரயில் மாறி வந்த களைப்பு எல்லாம் என்மேல் கோபமாக இறங்கியது. பங்கு வேண்டாம் என்று நான் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஆதாரத்தைக் காட்டச் சொல்கிறேன் என்றான். கேட்காத பங்கை நான் எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். அப்படியென்றால் நீ கேட்கத்தான் போகிறாய் என்றான். அதற்கும் நான் இல்லை என்று சொல்லவில்லை. சட்டம் கொடுத்திருப்பதை ஒரு காகிதத்தைப் பார்ப்பதற்காகக் கை கழுவ எனக்கு என்ன பைத்தியமா?

இடையில் ஒன்று சொல்லவேண்டும். சண்டை ஓய்ந்த நேரத்தில் அண்ணன் அவன் எஸ்டேட் கவலையையும் கொட்டினான். புதிதாக வந்த கம்யூனிஸ்ட் சர்க்கார் வெள்ளைக்காரத் தோட்டங்களை எடுத்துக்கொள்ளுமோ என்று துரைமார் பயந்துகொண்டிருந்தார்கள். எடுத்தால் என்ன கொடுப்பார்கள், கொடுக்காவிட்டால் எந்த ஊர்க் கோர்ட்டில் போய் நிற்பது என்று பங்களாவில் பேசிக்கொள்வார்களாம். அண்ணனுக்குத் தன் வேலை போய்விடுமோ என்று பயம். எனக்கோ அந்தக் கேள்வி மனதில் ஒட்டிக்கொண்டது. முதலீட்டுச் சட்டம் என்ற என் இரண்டாவது பாடம் அங்கிருந்துதான் வந்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது வானம்தான்.

மறுநாள் காலையில் பஸ் ஏறிக் கொல்லங்கோட்டுக்குப் போனேன், ரிஜிஸ்தர் ஆபீசுக்கு. பதிவான ஆதாரங்களின் நகல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் மனுக் கொடுத்துப் பார்க்கலாம். அது சட்டம். இரும்புப் பெட்டியைப் பூட்டி வைப்பதால் ஒரு பயனும் இல்லை என்பது அப்பாவுக்குத் தெரியாது. எனக்கும் கோபத்தில் மறந்திருந்தது. எந்த சர்வே நம்பர் என்று அங்கிருந்த குமாஸ்தா கேட்டார். எல்லாம் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெண்பிள்ளை தனியாக வந்திருக்கிறாள் என்பதற்காக ஒரு நாற்காலியை ஜன்னலோரம் போட்டுக்கொடுத்து, ஒவ்வொரு புத்தகமாக எடுத்து வந்தார்.

அன்று தொடங்கி எட்டு நாள் போனேன். காலையில் போய் உட்கார்ந்தால் ஆபீஸ் அடைக்கும்வரை எழுந்திருப்பதில்லை. தமிழ் ஆதாரங்களில் நான் தேடியது சீக்கிரமே கிடைத்தது. விற்கிறவன் என்னென்ன விற்கிறான் என்று ஒன்று விடாமல் எழுதுவது எங்கள் பக்கத்து வழக்கம். நிதி நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம், ஆகாமி என்று போகும். அதாவது புதையல், தண்ணீர், மரம், கல், இனிமேல் உண்டாகப்போகிறதும்கூட. பூமிக்கு அடியில் யாரோ புதைத்து மறந்ததைக்கூட மறக்காமல் எழுதியவர்கள், தலைக்கு மேலே இருந்த வானத்தை எழுதவில்லை. புத்தகம் புத்தகமாகப் புரட்டினேன், ஒருவர்கூட எழுதவில்லை. சொந்தம் என்றால் பேர் சொல்லி எழுதவேண்டும். எழுதாதது யாருக்கும் சொந்தமில்லை. குறிப்பு எனக்குத் தன்னால் எழுத வந்தது.

நான் ஆபீசுக்குப் போன மூன்றாம் நாள் பிற்பகல் அப்பா அங்கே வந்து நின்றார். கவுண்டர் மகள் ரிஜிஸ்தர் புத்தகத்தையெல்லாம் அலசுகிறாள் என்று சந்தையில் பேசிச் சிரித்திருக்கிறார்கள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. மேல்துண்டில் சுற்றியிருந்த ஆதாரத்தை என் முன்னால் வைத்தார்.

“பங்கு வேணும்னா என்னையக் கேளம்மிணி. ஆபீசுல வந்து கேக்காதே” என்றார்.

சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். “பங்கு வேணும்னா கேப்பனுங்கப்பா. உங்க மொகத்தப் பாத்துத்தான் கேப்பன். இது அதில்லீங்க.”

அவர் என் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, ஆபீஸ் அடைக்கும்வரை நான் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆதாரத்திலும் வானம் இல்லை.

எட்டாம் நாள் எனக்கு அடி விழுந்தது. எங்கள் தோட்டத்துக்கு அடுத்த பூமி ஒரு ராவுத்தருடையது. கொல்லங்கோட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். ஒரு பழைய மலையாளக் குடும்பத்திடமிருந்து அவருடைய வாப்பா வாங்கியது. அந்த ஆதாரம் மலையாளத்தில் இருந்தது. கல், முள், காஞ்சிரம் என்கிற எட்டி மரத்தின் அடிக்கட்டை, பாம்பு, புதையல் என்று எழுதிக்கொண்டே வந்து, ஆகாசமும் பாதாளமும் என்று முடித்திருந்தது. ஆகாசத்தை விற்றிருக்கிறார்கள். வாங்கியும் இருக்கிறார்கள். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம்.

நான் தமிழ் ஆதாரங்களை மட்டும் படித்துவிட்டு நம் ஜனங்கள் என்று எழுதியிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்தவர்களும் நம் ஜனங்கள்தான் என்பது உறைக்கவில்லை. அதை விட்டுவிடலாமா என்று தோன்றியது, மறைக்காமல் சொல்கிறேன். பக்கத்தைத் திருப்பிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மதராஸில் இருக்கிற பேராசிரியர் கொல்லங்கோட்டுக்கு வந்து மலையாள ஆதாரத்தைப் புரட்டப்போகிறாரா? குமாஸ்தா அடுத்த புத்தகத்தைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த வரியை எழுத்துக்கு எழுத்து என் நோட்டில் இறக்கினேன். பிறகு எழுதி வைத்திருந்த குறிப்பைக் கிழித்தேன். ஆத்திரமாகத்தான் கிழித்தேன்.

அங்கிருந்து நேராக ராவுத்தர் கடைக்குப் போனேன். அவருக்கு ஆகாசம் சொந்தமாக இருக்கிறது என்று சொன்னதும் துணி அளந்துகொண்டிருந்தவர் முழக்கோலைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கே தெரியாது. படித்துக் காட்டச் சொல்லி இரண்டு தடவை கேட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த ஆகாசத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள், எதுவரைக்கும் உங்களுடையது என்று வக்கீல் மாதிரி கேட்டேன். அப்போதுதான் அவரும் யோசித்தார்.

“உங்கப்பன் பனை ஒண்ணு என் பக்கம் சாஞ்சு நிக்குதில்ல, அம்மிணி, அதுல இருந்து பனம்பழம் விழுந்தா எடுத்துக்குவேன். அதுக்கு மேல ஏரோப்ளேன் போனா விட்டுருவேன். பனைக்கு மேல எனக்கு என்ன சோலி?”

சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, கீழே அவரிடம் கையெழுத்தும் வாங்கினேன்.

புதுக் குறிப்பை முதலிலிருந்து எழுத எனக்கு நாலு நாள்தான் இருந்தது. எழுதினேன். அம்மா சோற்றுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனாள். மதராஸில் குழு முன் போய் நின்றபோது, பேராசிரியர் நேராக அந்த மலையாள ஆதாரத்துக்குத்தான் வந்தார். உன் கட்சியை நீயே அடித்துக்கொண்டிருக்கிறாயே, இதை எதற்குச் சேர்த்தாய் என்று கேட்டார். விட்டிருந்தால் அது பொய் என்றேன். அதோடு, என் கட்சி மாறிவிட்டது என்றும் சொன்னேன். ஒரு பக்கத்தார் வானத்தை எழுதவே இல்லை. இன்னொரு பக்கத்தார் எழுதி வாங்கினார்கள், ஆனால் கைக்கு எட்டுகிற உயரத்தோடு விட்டுவிட்டார்கள். இரண்டு பேருக்கும் பனைக்கு மேலே சொந்தமில்லை. இங்கிலீஷ்காரனின் விதி எங்கள் ஊரில் பனை உச்சியோடு நின்றுபோகிறது.

குழுவில் ஒருவர் கல்யாணம் ஆனால் படிப்பை விட்டுவிடுவாயா என்றும் கேட்டார். இந்த இடத்துக்குக் கேட்ட மற்றவரையும் அப்படிக் கேட்டீர்களா என்று நான் கேட்டேன். பேராசிரியர் இந்தத் தடவை சிரிக்கவில்லை, காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவு தபாலில் வரும் என்று அனுப்பிவிட்டார்கள். ரயிலில் வரும்போது அந்தக் கடைசிப் பதில் என் இடத்தைப் பறித்துவிட்டது என்றே நினைத்தேன். அதற்காக வருத்தப்படவும் இல்லை.

தபால் பதினைந்து நாளில் வந்தது. தலைப்பு ஏற்கப்பட்டது, இடம் எனக்கு. நான் அதைப் படித்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா பயந்து அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. காகிதத்தை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷம்தான் என்று தெரிந்தது, ஆனால் அவருக்கு ஒரு சந்தேகம் தீராமல் இருந்தது.

“அப்ப அந்த ஆகாசம் கடைசீல யாருக்குத்தான் சொந்தம்?”

“யாருக்குமில்லீங்கப்பா” என்றேன்.

அப்பா யோசித்துத் தலையை ஆட்டினார். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கின மாதிரி முகம் தெளிந்தது.

“நல்லதாப் போச்சு. அப்ப பங்கு கேட்டு யாரும் வரமாட்டாங்க.”

“எல்லாரும் வருவாங்கப்பா” என்றேன். “அதுக்குத்தானுங்க நான் போறன்.”