நடுவில் மூன்று பேரிக்காய்

மேஜைவிரிப்பின் நடுவில்தான் பூவேலை வர வேண்டும் என்று நான் நினைத்ததற்கு என்னைக் குறை சொல்ல முடியாது. கொடைக்கானல் பக்கத்து அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டில் மேஜையே கிடையாது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் நாங்கள். மேஜையில் எதை எங்கே வைப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அறுபதுகளின் தொடக்கம் அது. பள்ளிக்கூடம் விட்டதும் கொடைக்கானலில் தையல் வகுப்புக்குப் போவேன். சீசனுக்கு வருகிறவர்கள் பார்க்க ஒரு கண்காட்சி வைப்பார்கள். அதற்காக வெள்ளைத் துணியின் ஓரமெல்லாம் கொடி ஓடவிட்டு, நட்டநடுவில் மூன்று பேரிக்காய்களை இலையோடு, நிஜ அளவிலேயே தைத்தேன். அடுப்புப் புகை பட்டுவிடும் என்று துணியை வீட்டுக்குக் கொடுத்துவிட மாட்டார்கள். அதனால் பேரித் தோப்பு வேலை முடிந்து வரும் அம்மாவுக்குத் தினமும் வாயாலேயே தைத்துக் காட்டினேன். அந்தச் சாயங்காலங்களுக்காக இன்றும் ஏங்குகிறேன்.

“இன்னைக்குக் காம்பு முடிஞ்சிருச்சும்மா.”

“நேர்ல வந்து பாக்குறேன்டி.”

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு தையல் டீச்சர் துணியை விரித்துப் பார்த்தார்.

“ஏ புள்ள, நடுவுல சோத்துப் பாத்திரம்ல வைப்பாங்க? ஒம் பழத்த யாரு பாப்பா? பிரிச்சிரு. ஓரத்துல கொடி இருக்குல்ல, போதும். நடுவுல வெறுமனே கெடக்கட்டும். அதுவும் டிசைன்தான்.”

ஒன்றுமே செய்யாமல் விடுவது எப்படி டிசைன் ஆகும்? அழுதுகொண்டே பிரித்தேன். பிரித்த பிறகு பார்த்தால், துணி உண்மையிலேயே அழகாக இருந்தது. அதுவரை கண்ணில் படாத கொடி இப்போது எடுப்பாகத் தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. அம்மாவிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

கண்காட்சி அன்று அம்மா சீக்கிரமே வேலையை முடித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு நடந்தே வந்தாள். என் விரிப்பின் நடுவில் ஒரு பூச்சாடி இருந்தது. பழங்கள் அதற்கு அடியில் இருக்கும் என்று நினைத்து, யாரையும் கேட்காமல் சாடியைத் தூக்கினாள். வெறும் வெள்ளைத் துணி. நான் டீச்சர் சொன்னதைச் சொன்னேன்.

அம்மா குனிந்து துணியைத் தடவினாள். ஊசி போன துளைகள் இன்னும் மூடியிருக்கவில்லை.

“இங்கதான இருந்துச்சு?”

“ஆமாம்மா.”

“மூணும்?”

“மூணும்.”

அம்மா பூச்சாடியை நடுவில் வைக்கவில்லை. ஓரமாக, கொடியின் மேல் வைத்துவிட்டு நகர்ந்தாள்.