சந்திரகிரியில் ஒரு தலை குறைந்தது

விடியற்காலை பஸ்ஸுக்குள் புளிசாதமும் டீசலும் மல்லிகைப்பூவும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும். அதை முகர்ந்தாலே ஊர் சுற்றப் போகிறோம் என்று அர்த்தம். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பெரிய அண்டாவில் புளிசாதத்தைக் கொட்டி, மேலே வாழையிலையைப் பரப்பி, வெள்ளை வேட்டியால் வாயைக் கட்டி வைத்திருப்பார்கள். பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் அது நகரும். பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் மாமா ஒரு காலை நீட்டி அதற்கு முட்டுக்கொடுத்தபடியே வருவார். பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுத்த அண்டா என்பதால் அதற்கு இருந்த மரியாதை அந்த பஸ்ஸில் பலருக்கு இல்லை.

எண்பதுகளின் நடுவில் ஆவடியில் பேக்டரிக்காரர்களின் குடியிருப்பில், எங்கள் பாஷையில் "கோட்ரஸ்"ஸில், நாங்கள் இருந்தோம். திருநெல்வேலி, மதுரை, சேலம் என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் அங்கே உண்டு. கன்னியப்பன் மாமாவைப் போல, பக்கத்து வெள்ளானூரில் பிறந்து, தகப்பன் காலம் வரை அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு, இந்தத் தலைமுறையில் பேக்டரி சங்குக்கு எழுந்திருக்கப் பழகியவர்களும் உண்டு. பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் வரிசை வீடுகளெல்லாம் சேர்ந்து ஒரு பஸ் பிடித்து "ஒன் டே டூர்" போவது வழக்கம். அதை நடத்துபவர் பேக்டரி ஸ்டோரில் வேலை பார்த்த பார்த்தசாரதி சார். நாள் முழுக்க நட்டும் போல்ட்டும் பார்த்துப் பழகிய மனிதர் என்பதால் ஆட்களுக்கும் ஸ்டோர் வழக்கத்தையே வைத்திருந்தார். உள்ளே இருப்பதை எண்ண மாட்டார், பெட்டியைத்தான் எண்ணுவார். அதாவது, பஸ் கிளம்புமுன் ஒவ்வொரு கோட்ரஸ் நம்பராக வாசிப்பார், அந்த வீட்டுப் பெரியவர் "ஃபுல்" என்று குரல் கொடுக்க வேண்டும், சார் பென்சிலால் டிக் அடித்துவிட்டு அடுத்த நம்பருக்குப் போவார். அவரவர் பிள்ளையை அவரவர் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்பது அவர் வாதம், தன் வீட்டாரோடு வந்தவர்களைப் பொறுத்தவரை அது நியாயமான வாதம்தான்.

அந்த வருஷம் எனக்குப் பத்து வயது. எங்கள் வீட்டு நம்பர் அவர் தாளிலேயே இல்லை. அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்தது. அம்மா ஆவணி மாதமே சங்கரன்கோவிலுக்கு, தன் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். தம்பிக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை என்பதால் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். எனக்குப் பள்ளிக்கூடம் கெட்டுவிடும் என்பதால் விட்டுவிட்டுப் போனாள். அம்மாவின் தம்பி கல்யாணத்துக்கு அப்பா லீவு போடவில்லை என்று ஆரம்பித்த பேச்சு தடித்துக்கொண்டே போய், "போறவ போகட்டும்" என்று அப்பா சொன்னதும், "நானா திரும்பி வருவேன்னு மட்டும் நெனச்சிராதீக" என்று அம்மா சொன்னதும் என் காதுபடத்தான் நடந்தது. அதன்பிறகு ஐந்து மாதம் எங்கள் வீட்டில் பேசியது ரேடியோ மட்டும்தான். டூர் சமயத்தில் கன்னியப்பன் மாமாவின் மனைவி வசந்தா அத்தை எங்கள் வாசலில் வந்து நின்று, "மூணோட நாலா நானே இட்னு போறேண்ணா, பாவம் கொழந்த" என்று கேட்டு என்னைச் சேர்த்துக்கொண்டார்.

பாவப்பட்ட குழந்தையிடம் ஒரு திட்டம் இருந்தது அத்தைக்குத் தெரியாது. மூன்றாவது பிளாக்கு குமாரின் அம்மாவும் ஒரு தடவை கோபித்துக்கொண்டு மதுரைக்குப் போனவர்தான். அந்தச் சமயத்தில் குமார் ஒரு திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோய், பாதி நாள் ஆளைக் காணவில்லை. அவன் அப்பா பதறிப்போய் "பிள்ளையைக் காணோம், உடனே புறப்படு" என்று மதுரைக்குத் தந்தி அடித்துவிட்டார். பையன் அன்று சாயங்காலமே கிடைத்துவிட்டான், ஆனால் போன தந்தி போனதுதான். மறுநாள் காலையில் அவன் அம்மா வந்து இறங்கி, அவன் முதுகில் இரண்டு வைத்து, கட்டிக்கொண்டு அழுது, மூக்கைச் சிந்திவிட்டு அப்படியே உள்ளே போய் உலை வைத்தார். "தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்" என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: தொலைந்தால் அம்மா வருவாள்.

முதலில் போனது பூண்டி ஏரி. கரையில் உட்கார்ந்து இட்லி தின்றோம். எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், கன்னியப்பன் மாமாவுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. "இன்னா சார் இது, தண்ணியப் பாக்கவா பஸ்ஸு புடிச்சோம்? நம்ம பருத்திப்பட்டு ஏரி இன்னா பாவம் பண்ணிச்சி?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். நான் சிரிக்காமல் இடம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டவெளியான கரையில் ஒரு பத்து வயதுப் பெண் தொலைவது நடக்கிற காரியமில்லை என்று தெரிந்ததும் மூன்றாவது இட்லியை வாங்கிக்கொண்டேன்.

ஊத்துக்கோட்டையைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறியது. கோனே அருவிக்கு வெயில் ஏறும்போது போய்ச் சேர்ந்தோம். பெண்கள் சேலையோடு தண்ணீரில் நின்று, பிள்ளைகளைத் தப்பிக்க விடாமல் கையைப் பிடித்து இழுத்து நனைத்தார்கள். குளித்துக் கரையேறியதும் வசந்தா அத்தை தன் மூன்று பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி, "குனிடா எருமை, தலையில நீர் கோத்துக்கப் போவுது" என்று ஒவ்வொரு தலையாகப் பிடித்து அழுத்தித் துவட்டினார். நான்காவதாக நானும் போய்த் தலையைக் குனிந்து நின்றேன். அத்தை என்னைப் பார்த்துச் சிரித்து, துண்டைப் பிழிந்து என் கையில் கொடுத்து, "நீ பெரிய பொண்ணாச்சே, நீயே தொடச்சிக்க கண்ணு" என்றார். எவ்வளவு அன்பாகச் சொன்னார் என்பது இன்றும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு அந்தக் "கண்ணு" வேண்டியிருக்கவில்லை. அந்த "எருமை"தான் வேண்டியிருந்தது. அருவிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதால் துண்டுக்குள் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதேன்.

மத்தியானம் திருப்பதி மலை தெரிந்ததும் பஸ்ஸுக்குள் ஒரு கலவரம். "அடிவாரம் வரைக்கும் வந்துட்டு பெருமாளப் பாக்காம போறதா? அடுக்குமா சார்?" என்று பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். நேரம் காணாது என்று பார்த்தசாரதி சார் கைகூப்ப, கடைசியில் பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, எல்லாரும் எழுந்து மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தனியாக வந்து சேவிக்கிறோம் என்று வேண்டிக்கொண்டார்கள். நான் நல்லபடியாகத் தொலைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

சந்திரகிரி அதற்குத் தோதான ஊராக இருந்தது. மொட்டைப் பாறை மலை, அதைச் சுற்றி இடிந்த கோட்டை மதில், உள்ளே பெரிய அரண்மனை ஒன்று, சிறியது ஒன்று. மிச்சமிருந்த புளிசாதத்தைச் சாப்பிட்டு முடித்து, அண்டாவைக் குளத்தில் கழுவி, மரத்தடியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். நான் அரண்மனையின் மேல் மாடிக்கு ஏறி ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். வளைவு ஜன்னல் வழியாக பஸ் நன்றாகத் தெரிந்தது. விசில் கேட்டது. பஸ்ஸடியில் நின்று சார் வாசிக்க ஆரம்பித்தார். "பதினாலு பார் மூணு!" "ஃபுல்!" "பதினாலு பார் நாலு!" அது கன்னியப்பன் மாமாவின் வீடு. அத்தை கடைசிப் பையனை ஓரமாக வாந்தி எடுக்க வைத்துக்கொண்டிருந்தார். மாமா மனைவியைப் பார்த்தார், தன் மூன்று பிள்ளைகளைப் பார்த்தார், "ஃபுல்!" என்றார்.

என்னைக் காணாமல் பதறுவார்கள், தேடுவார்கள், அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழுவார், தந்தி போகும், அப்புறம்தான் நான் கிடைக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன். யாரும் தேடவே மாட்டார்கள் என்பதை மட்டும் யோசித்திருக்கவில்லை. பஸ் பின்வாங்கி, திரும்பி, புழுதியோடு போயேபோய்விட்டது.

படிகளில் விழுந்தடித்து ஓடி வந்தேன். காவல்காரர் ஒருவர் தெலுங்கில் ஏதோ கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது. அவர் என்னை மரத்தடியில் உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, கதவுகளைப் பூட்டப் போனார். பக்கத்தில் எங்கள் அண்டா கவிழ்ந்து கிடந்தது. அந்த ஊரிலேயே எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான் என்பதால் அதை ஒட்டி உட்கார்ந்தேன். வெயில் பாறையின் உச்சிக்கு ஏறி மறைந்துகொண்டிருந்தது. என்னைக் காணோம் என்பது யாருக்கும் தெரியாவிட்டால் நான் தொலைந்ததாகவே ஆகாது, அம்மாவுக்கு எந்தத் தந்தியும் போகாது என்று அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அனுபவித்த தனிமையை அதற்குப் பிறகு நான் எதிலும் அனுபவித்ததில்லை. புருஷன் போனபோதுகூட வீடு நிறைய மனிதர்கள் இருந்தார்கள்.

அரைமணி நேரம் இருக்கும், அதே பஸ் திரும்பி வந்தது. எனக்காக வந்துவிட்டார்கள் என்று துள்ளி எழுந்தேன். முதல் ஆளாகக் குதித்து ஓடி வந்த கன்னியப்பன் மாமா பாதி தூரத்திலேயே திரும்பி, "கீது சார்! அண்டா கீது!" என்று கத்தினார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார். "ஏய் செல்வி, நீ இங்க இன்னா பண்ணினுகீற?"

பஸ்ஸிலிருந்து வந்துகொண்டிருந்த சிரிப்பு நின்றது. வசந்தா அத்தை இறங்கி ஓடி வந்து என்னை வாரி அணைத்தார். "பின்சீட்ல தூங்கினுகீறன்னு நெனச்சேண்டி, எம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பெருமாளைப் பார்க்காமல் வந்த குற்றம்தான் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். பார்த்தசாரதி சார் தன் தாளில் இருந்த டிக்குகளை வெகுநேரம் பார்த்துவிட்டு அதை மடித்துப் பையில் வைத்தார். வழி முழுக்க அத்தை என்னை மடியிலேயே வைத்திருந்தார். புத்தூர் தாண்டியதும் காதருகில் குனிந்து, "அப்பா கைல சொல்லாத கண்ணு. நம்பி அனுப்சாரு. தெரிஞ்சா எங்க மூஞ்சியில முழிக்க மாட்டாரு. சொல்ல மாட்டேல்ல?" என்று கேட்டார். சொன்னால் ஒருவேளை அப்பா பயந்துபோய் அம்மாவுக்கு எழுதியிருப்பார். ஆனால் தினமும் எனக்குத் தலைவாரிவிட அத்தையை விட்டால் அந்த வரிசையில் வேறு யார் இருந்தார்கள்? அத்தை நீட்டிய கையில் என் கையை வைத்து, சொல்ல மாட்டேன் என்றேன்.

மறுநாள் காலை ஷூவுக்குப் பாலிஷ் போட்டபடி அப்பா, "டூரு எப்படிட்டி இருந்துச்சு?" என்றார். "நல்லா இருந்துச்சுப்பா." "அருவியில தண்ணி விழுந்துச்சா?" "விழுந்துச்சு." அவ்வளவுதான்.

அம்மா சித்திரையில் தானாகவே வந்து சேர்ந்தாள். நடக்கப் பழகியிருந்த தம்பி என்னை அடையாளம் தெரியாமல் அவள் சேலைக்குள் ஒளிந்துகொண்டான். அப்பா அவள் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே வைத்தார்.

இப்போது அந்தக் கோட்ரஸில் பாதி வீடுகளில் ஆளில்லை. கூரை இறங்கிய வீடுகளுக்குள் முள்மரம் வளர்ந்து நிற்கிறது. அண்ணனூரிலிருந்து வெள்ளானூர் வரை அடுக்குமாடிகள். வருஷத்துக்கொரு பஸ் பிடித்துப் புளிசாதம் கட்டிக்கொண்டு போகிறவர்கள் இல்லை, அவரவர் காரில் அவரவர் போகிறார்கள். தந்தி என்ற ஒன்றே இல்லை. பார்த்தசாரதி சாரும் கன்னியப்பன் மாமாவும் எப்போதோ போய்விட்டார்கள். போன வருஷம் வசந்தா அத்தையும் போன பிறகு, இனி காப்பாற்ற வேண்டிய வாக்கு இல்லை என்று தோன்றி, அம்பத்தூரில் என்னோடு இருக்கும் அம்மாவிடம், மொச்சை உரித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மாவின் கை நின்றுவிட்டது. "எட்டு மாசமும் தபால்காரர் வார நேரத்துக்கு வாசல்லயே நிப்பேன்ட்டி. வான்னு ஒரு வார்த்தை வந்தா வண்டியேறிறலாம்னு பெட்டியக்கூட அவுக்கல. உங்கப்பா எழுத மாட்டாருன்னு தெரியும். உனக்கு எழுதத் தெரியும்லா, நீ ஏன்ட்டி எழுதல?"

நாலாம் வகுப்பிலேயே நான் நன்றாக எழுதுவேன். கையெழுத்துக்குப் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். ஒரு கார்டு வாங்கி அம்மாவுக்கு எழுதலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.