தூரத்து மரம்

நாற்பத்து மூன்று வயதில் மரம் செய்யக் கற்றுக்கொள்ளப் போனவன் நான். நிஜ மரமில்லை, கணினி விளையாட்டுக்குள் நிற்கிற மரம். கார்ட்டூனில் வருகிற மாதிரி கொழுகொழுவென்று தண்டு, கொத்துக் கொத்தாக இலை. அதற்கு முன் பத்தொன்பது வருஷம் கல்யாண ஆல்பம் வடிவமைத்தேன். மாப்பிள்ளையின் மூக்குப் பருவை அழிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆல்பம் கடையை மூடியதும் விளையாட்டு தயாரிக்கும் கம்பெனி ஒன்று என்னை மூன்று மாதப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. தேறினால் வேலை, தேறாவிட்டால் வீடு. மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நின்றபடியே பார்க்கிற வேலை.

"மூணு மாசம் ரெண்டு ஷிஃப்ட் பாக்கறேன். அதுக்கு மேல என் கால் தாங்காதுங்க" என்றாள்.

"மூணு மாசம் எதுக்கு? ஒரே மாசம் போதும்" என்றேன். சொல்வதற்குக் காசா, பணமா?

முதல் மரத்துக்கு இலைகளைத் தனித்தனியாகச் செய்தேன். பதினோராயிரம் இலை. திறந்ததும் கணினி மூச்சே விடவில்லை. எங்கள் குழுத்தலைவிக்கு என் அக்கா மகள் வயசுதான் இருக்கும். பொறுமையாகச் சொன்னாள்: "சார், இலை இலையா செய்யாதீங்க. தட்டையான துண்டுல ஒரு கொத்து இலைய வரைஞ்சு, அத குறுக்கும் நெடுக்குமா சொருகுங்க. மிச்சத்த பாக்கறவங்க கண்ணே போட்டுக்கும்."

அப்படிச் செய்த இரண்டாவது மரம் குச்சியில் செருகிய காலிஃபிளவர். மூன்றாவதைப் பற்றிச் சொல்ல மாட்டேன். கொஞ்சமாவது மானம் மிஞ்சட்டும்.

கடைசி வாரம்தான் ஒன்று அமைந்தது. பட்டையில் வெடிப்பு, வேரோரம் பாசி, உச்சிக் கொத்தில் மஞ்சள் வெயில், எல்லாம் கையாலேயே தீட்டினேன். என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. கெடு முடிகிற நாளன்று எல்லோரும் பெரிய திரை முன்னால் கூடினோம். மரம் வந்தது. "சூப்பர் சார்!" என்றது ஒரு குரல். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது குழுத்தலைவி மரத்தைத் திருப்பினாள்.

பின்பக்கம் ஒரு இலைகூட இல்லை. பட்டைக்கு வண்ணமும் இல்லை. வெளுத்த தண்டும் நாலு மொட்டைக் கிளையும்தான். அடக் கடவுளே! இத்தனை வருஷமாகப் படத்தின் முன்பக்கத்தையே பார்த்துப் பழகிய ஜென்மம், அந்த மரத்தை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

"பின்னாடி என்ன சார் ஆச்சு?"

"பின்னாடி... யாரும்மா பாக்கப் போறாங்க?"

"விளையாடறவங்க ஒளியறதே மரத்துக்குப் பின்னாடிதான் சார்."

அறையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். மூன்று மாதமாக வீங்கிக் கிடந்த மனைவியின் கால்கள்தான் நினைவுக்கு வந்தன.

மாலையில் குழுத்தலைவி கூப்பிட்டாள். "கிட்டத்து மரம் உங்களுக்கு வராது சார். ஆனா மலையடியில தெரியற காடு மொத்தமும் தட்டையான படம்தான். விளையாடறவங்க எந்தப் பக்கம் போனாலும் அது முகத்த மட்டும்தான் காட்டும். அதுக்கு உங்க அளவுக்கு வரையறவங்க இங்க யாருமில்ல. நாளைலேர்ந்து நீங்க நிரந்தரம்."

பாராட்டா, திட்டா என்று யோசிக்க நான் என்ன முட்டாளா? கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

விளையாட்டு வெளிவந்ததும் வீட்டில் போட்டுக் காட்டினேன். மனைவிக்கு இப்போது ஒரே ஷிஃப்ட். நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இதுல உங்க மரம் எதுங்க?"

"அதோ, மலையடியில."

"கிட்ட போங்க, நல்லா பாக்கலாம்."

"போனா மாறிடும். பக்கத்துல போனதும் என் படத்த எடுத்துட்டு, வேற ஒருத்தர் செஞ்ச முழு மரத்த அங்க வச்சிடும்."

நீட்டிய காலை இன்னும் வசதியாக வைத்துக்கொண்டாள்.

"அப்போ நகராதீங்க" என்றாள். "இங்கேருந்தே பாக்கறேன்."