நான் சிமெண்ட் பூசிய சுவர்

பாப்பிரெட்டிப்பட்டியில் இருந்த எங்கள் புளி மண்டியை இடித்துவிட்டோம். என் தம்பி இடித்துவிட்டான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். அவன் மேல் பழி போட எனக்கு வாய் வரவில்லை. அதைக் கெடுத்தவள் நான்.

என் அப்பாவின் அப்பா வாங்கும்போதே அது பழைய கட்டடம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். வெளியே பூச்சு கிடையாது, சிவப்புக் கல் அப்படியே தெரியும். முன்னால் மூன்று வளைவு வாசல்கள். பாரம் ஏற்றிய மாட்டுவண்டி உள்ளே வந்து திரும்பிப் போகலாம், அவ்வளவு அகலம். பஸ் கண்டக்டர்கள் "செங்கமண்டி எறங்கு" என்றுதான் கத்துவார்கள்.

"புளி வெச்ச குடோனுக்கு என்னங்க அப்படி ஒரு பெருமை?" என்று என் முகத்துக்கு நேராகக் கேட்டவர்கள் உண்டு. சித்திரை வெயிலில் ஒருநாள் உள்ளே வந்து நின்றிருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். ஃபேன் இல்லாமல் இருபது பெண்கள் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து புளி தட்டுவார்கள். கொட்டை எடுத்த புளியில் உப்பைத் தூவி, அமுக்கி, பாயில் சுற்றிச் சுவரோரம் அடுக்குவோம். மழைக்காலம் முடிந்தாலும் அது கசியாது, கறுக்காது.

அந்த உப்பைச் சுவர் குடித்தது. குடித்ததை வெளியே துப்பவும் செய்தது. வருஷா வருஷம் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்து, மாவு மாதிரி உதிரும். தை பிறப்பதற்குள் அப்பா விளக்குமாற்றால் அதைக் கூட்டித் தள்ளிவிட்டு உள்பக்கம் சுண்ணாம்பு அடிப்பார். அவ்வளவுதான் வைத்தியம். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அப்பா போன பிறகு மண்டி என் கைக்கு வந்தது. தம்பிக்கு ஓசூரில் வேலை. உதிர்கிற அந்த மாவு எனக்கு அவமானமாக இருந்தது. புளி பார்க்க வந்த ஒரு வியாபாரி தன் சட்டையைத் தட்டிக்கொண்டே, "என்னக்கா, செவுத்துக்குச் சொறி புடிச்சிருக்குது, மருந்து கிருந்து போடறதில்லையா?" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அந்த மாதமே கொத்தனாரைக் கூப்பிட்டு உள்ளேயும் வெளியேயும் சிமெண்ட் பூசச் சொன்னேன். அதன் மேல் பச்சைப் பெயிண்ட். புளி தட்டும் பெண் ஒருத்தி மட்டும், "முதுகு வேகுதுங்கக்கா" என்றாள்.

"காஞ்சா சரியாயிரும். வேலையப் பாரு" என்று அதட்டினேன்.

நான்கு வருஷம் சுவர் அழகாக இருந்தது. ஐந்தாவது வருஷம் இடுப்பு உயரத்துக்கு உப்பிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் தம்பி பேச்சை எடுத்தான். "இடிச்சிட்டு கீழ நாலு கடை, மேல ரெண்டு வூடு கட்டலாங்க்கா. யார் மேலயாச்சும் விழுந்தா நீயா ஜெயிலுக்குப் போவ?"

"கட்டடத்து மேல கைய வெச்சுப் பாரு, அப்பறம் நான் பொல்லாதவளாயிருவேன்" என்றேன்.

பழைய கட்டடம் என்று அரசாங்கம் அறிவித்தால் காப்பாற்றிவிடலாம் என்று ஓர் அலுவலகத்துக்கு மனு கொண்டுபோனேன். அங்கே இருந்தவர், "கல்வெட்டு, சிலை, ஏதாச்சும் இருக்குதாம்மா?" என்று கேட்டார்.

"புளிதானுங்க இருக்குது."

அவர் சிரித்துக்கொண்டே மனுவை அடுக்கின் அடியில் செருகினார். ராஜா படுத்துத் தூங்கிய இடம் என்றால் எழுந்து நின்றிருப்பார். ஊரே உழைத்துச் சாப்பிட்ட இடம் அவருக்குக் கட்டடமாகவே தெரியவில்லை.

கடைசியில் தம்பிக்கும் எனக்கும் ஒரு பேச்சு ஆனது. பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிற இன்ஜினியர் அம்மா ஒருவர் சேலத்தில் இருந்தார். சுவர் நிற்கும் என்று அவர் சொன்னால் தம்பி வாய் திறக்கக் கூடாது. நிற்காது என்றால் இடிக்க நான் கையெழுத்துப் போட வேண்டும்.

அவர் வந்து வளைவுகளையெல்லாம் நிமிர்ந்து பார்த்தார். "கடைக்குன்னு இவ்வளவு நேர்த்தியா கட்டினத நான் இந்தப் பக்கம் பாத்ததே இல்லைங்க" என்றார். தம்பியை ஒரு பார்வை பார்த்தேன். பிறகு சிமெண்டைக் கொஞ்சம் பெயர்க்கச் சொன்னார். உளி வைத்ததும் பலகை மாதிரி வந்தது. அதோடு செங்கல்லின் முகமும் ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே இருந்ததைக் கல் என்று சொல்ல முடியாது. ஈரம் பட்ட நாட்டுச்சர்க்கரை. விரலை வைத்தேன், உள்ளே போனது.

"மூச்சு விட்டுக்கிட்டிருந்த சுவருங்க இது" என்றார் அந்த அம்மா. "உப்பு வெளிய வர வழிய அடைச்சிட்டீங்க. அது உள்ளயே இருந்து கல்லத் தின்னுருச்சு."

"சுரண்டிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசுனா?"

அவர் சுற்றிவந்து தட்டித் தட்டிப் பார்த்தார். "முன்னாடியே கூப்பிட்டிருக்கலாங்க. இப்ப மூணு பக்கமும் போயிருச்சு."

தம்பி என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன், "வாக்கா, டீ குடிக்கலாம்" என்றான். அதற்கு அவன் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். டீ ஆறிப்போனது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஜேசிபி வந்த அன்று மூன்று சுவர்களும் வெயில் ஏறுவதற்குள் சரிந்துவிட்டன. தள்ளக்கூட வேண்டியிருக்கவில்லை. வடக்குச் சுவர் மட்டும் நின்றது. உள்ளே அந்தச் சுவர் முழுக்க மர அலமாரி. வெளியே பக்கத்துக் கடை நெருக்கிக்கொண்டு இருந்தது. அதனால் பூச்சு வேலை நடந்தபோது கொத்தனார் அதில் ஒரு கரண்டி சிமெண்ட்கூட வைக்கவில்லை. இப்போது ஒவ்வொரு கல்லும் முழுசாக, சிவப்பாகத் தெரிந்தது.

"என்னத்தக் கலந்து கட்டுனாங்களோ, பக்கெட் பல்லு ஒடைஞ்சிரும் போலிருக்குது" என்று டிரைவர் சலித்துக்கொண்டார்.

"நீ வூட்டுக்குப் போக்கா" என்றான் தம்பி.

நான் போகவில்லை. பொழுது சாயும்வரை அது அசையாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் ஜேசிபியைவிடப் பெரிய வண்டி வந்தது. அன்றைக்கு நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.