கோவிந்தசாமி அண்ணன் போடாத கோடி

புதுச் சேலையின் கஞ்சி வாசனை வந்தால் தங்கச் சுரங்கக் கூலிகள் குடியிருந்த எங்கள் லைனில் யார் வீட்டிலோ சாவு என்று ஏழு வயதிலேயே எனக்குத் தெரியும். சுரங்க ஷாப்ட்டில் ஆள் செத்தால், வடாற்காட்டிலிருந்து சொந்தக்காரர்கள் ரயிலேறி ஊரிகம் வந்து சேர்வதற்குள் பிணம் தாங்காது. அதனால் தாலியறுத்தவளுக்குக் கூடப்பிறந்தவன் போட வேண்டிய ‘கோடி’யை ஆண்டர்சன்பேட்டை ஜவுளிக்கடை கோவிந்தசாமிதான் தன் கையால் போர்த்துவார். எங்கள் ஜனங்களுக்குத் கை படாமல் துணியைத் தூக்கிப் போட்டு விற்கிற பேட்டையில், அவர் ஒருத்தர்தான் செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் வீடுகளுக்குள் வந்தார். பொம்பளைகள் எல்லாரும் அவரை ‘அண்ணே’ என்றார்கள். அந்த முறைதான் அவரைக் கவுன்சிலர் ஆக்கியது. என் அம்மா லைன் லைனாகப் போய் ஓட்டுக் கேட்டாள்.

அவர் ஜெயித்த மறுவருஷம், ஷாப்ட்டின் அடி லெவலில் பாறை வெடித்து அப்பா செத்தார். அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல, அவர் வந்துவிடுவார் என்றே சொன்னாள். பொழுது சாய்கிற நேரத்தில் கட்சிக்காரன் ஒருத்தன் சைக்கிளில் வந்து, மந்திரி வந்திருக்கிறார், அண்ணனால் நகர முடியாது என்று ஒரு பொட்டலத்தை நீட்டினான்.

அம்மா அதைத் தொடவில்லை. “அண்ணன் வந்து போட்டாத்தான் கோடி. ஆள்கிட்ட குடுத்தனுப்பினா கடைச் சரக்கு. எடுத்துக்கினு போங்க” என்றாள். பக்கத்து வீட்டு அக்கா தன் பழஞ்சேலையை அவள் மேல் போர்த்தினாள். அப்பாவைத் தூக்கினார்கள்.

பிறகு, வேலை செய்த ஆள் போய்விட்டதால், மைன்காரர்கள் லைன் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். கவுன்சிலர் ஒரு வார்த்தை சொன்னால் வீடு நிற்கும், தங்கச்சி வந்து கேட்டால் போதும் என்று அவரே சொல்லி அனுப்பினார். அம்மா போகவில்லை. ஸ்கெலட்டன் என்கிற இடத்துப் பக்கம் ஒரு குடிசைக்குப் போனோம். அவள் கல் உடைக்கப் போக, கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள நான் வீட்டில் நின்றேன். மூணாங்கிளாஸோடு என் படிப்பு முடிந்தது.

அடுத்த தேர்தலுக்கு அவர் கும்பிட்டபடி குடிசைக்கே வந்தார். “இன்னா தங்கச்சி, இன்னும் கோவமா?”

“கோவம் உறவுக்காரங்க மேல வரும்ங்க. நீங்க கவுன்சிலரு.”

அப்போதும் அவர்தான் ஜெயித்தார். அதற்கப்புறமும்.

இன்று மைன் மூடிக் கிடக்கிறது, லைனில் பாதி வீட்டுக்குக் கூரை இல்லை, அவர் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். அம்மா சாகிறவரைக்கும், தான் செய்தது சரி என்றாள். கேட்பவர்களிடம் நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் என் பேத்தி எதையாவது நீட்டிப் படித்துக் காட்டச் சொன்னால், எழுத்துக் கூட்டுவதை அவள் பார்க்கக்கூடாது என்று, கண்ணாடியைக் காணோம் என்கிறேன்.