குழாய்க்காரரின் புது ஏர் பாக்ஸ்

குடிநீர்க் குழாய் போகும் இருபது கிலோமீட்டர் பாதையைச் சுற்றி வருவது அவர் உத்தியோகம். எங்கே கசிகிறது, எந்த வால்வு இறுகிக் கிடக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால் குழாய்க்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கூப்பிடத்தான் ஆளில்லை. மனைவி இறந்துபோய் இரண்டு வருடம். பிள்ளைகள் கிடையாது. அவர் இருக்கும் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸின் பக்கத்து வீடு பூட்டியே கிடக்கிறது. சில நாட்களில் சாப்பிடுவதற்குத் தவிர வாயைத் திறக்க அவருக்கு வேலையே இருக்காது.

துணை என்று பார்த்தால் அலுவலகம் கொடுத்த ஏடிவி ஒன்றுதான். நாலு தடித்த டயரோடு மண்ணிலும் மேட்டிலும் ஏறும் வண்டி. அதற்கும் சீக்கு. எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டி அனுப்பும் ஏர் பாக்ஸ் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அந்தப் பிளாஸ்டிக் பெட்டி விரிசல் விட்டு, மூடியின் கிளிப்புகள் உடைந்து, கம்பி கட்டிக் கிடந்தது. இடைவெளி வழியாகப் புழுதியை விழுங்கி விழுங்கி ஒரு முறை பிஸ்டனே தேய்ந்து போயிற்று. சத்தமோ ஊரைக் கூட்டும். அவர் ஒரு மேட்டில் ஏறினால் அடுத்த மேட்டில் இருப்பவன் காதைப் பொத்துவான்.

"இன்னொரு தடவ எஞ்சின் போச்சுன்னா வண்டிய எடுத்துக்குவோம். கடைசி பம்ப் ஹவுஸ் பக்கம் வேற ஆளு பாத்துக்கட்டும்," என்றார் மேற்பார்வையாளர்.

குழாய்க்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைசி பம்ப் ஹவுஸில் ஆபரேட்டராக இருப்பவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. சொந்தம் என்று மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான். மனைவி இருந்தவரை வியாழக்கிழமை தோறும் வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டு தம்பியைப் பார்க்க வருவாள். அலுவலக வண்டியில் ஆளை ஏற்றக் கூடாது என்பது சட்டம். அவளிடம் அதைச் சொல்லப் போனால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அவள் போன பிறகும் இவர் வியாழன் தவறியதில்லை. ஆனால் சொல்லி வைத்தாற்போல ஒவ்வொரு முறையும் கதவில் பூட்டு. போனில் கேட்டால், "வால்வு பாக்கப் போயிருந்தேன் மாமா," என்பான். ஜன்னல் திட்டில் டீ கிளாஸ் ஈரமாக இருக்கும். கொடியில் சட்டை சொட்டிக்கொண்டிருக்கும். ஊசிமுனைக் கசிவைக் கூடக் கண்டுபிடிக்கிற மனுஷன், இத்தனையும் பார்த்துவிட்டு, "வேலைன்னு வந்துட்டா இவன் புலி," என்று பெருமைப்பட்டுக்கொண்டு திரும்பினார். வேறென்ன சொல்ல!

வண்டி போனால் அந்த வழியும் அடைபடும். அலைந்து திரிந்து, வேறொரு கம்பெனி செய்த கனமான ஏர் பாக்ஸ் ஒன்றைத் தேடி வாங்கினார். தடித்த சுவர், சுற்றிலும் ரப்பர், கிளிப்புக்குப் பதில் திருகாணி. மெக்கானிக் கார்புரேட்டர் வாயில் சுத்தமான துணியை அடைத்து, பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினார். மறக்காமல் துணியை உருவிக் கண்ணெதிரே காட்டினார். பெட்டிக்குள் விளிம்போரம் கிரீஸும் தடவினார்.

"ஒரு வாரம் ஓட்டிட்டுத் திறந்து பாருங்கண்ணே. கிரீஸ்ல புழுதி ஒட்டலைன்னா ஒழுக்கு இல்லைன்னு அர்த்தம்."

ஸ்டார்ட் செய்தபோது குழாய்க்காரர், "ஓடுதா?" என்று கேட்டார். அவ்வளவு அமைதி.

அந்த வியாழன் வண்டி பூனை மாதிரி மேடேறியது. திருப்பம் தாண்டியதும் பார்த்தால் கதவு விரியத் திறந்திருந்தது. வாசலில் முகத்தில் சோப்பு நுரையோடு மச்சினன் சவரம் செய்துகொண்டிருந்தான். குழாய்க்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "மாப்ள!" என்று கையைத் தூக்கினார்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. கண் ஒரு முறை பின்வாசலுக்குப் போய்த் திரும்பியது.

"வண்டி சத்தமே கேக்கலையே மாமா," என்றான்.

"ஏர் பாக்ஸ் மாத்திட்டேன்டா. புதுசு. ஒரு பொட்டுப் புழுதி போகாது..." சொல்லிக்கொண்டே வந்தவருக்குப் பழைய வண்டிச் சத்தம் ஞாபகம் வந்தது. நூறு வியாழக்கிழமைகள் ஒன்றாகச் சேர்ந்து மண்டையில் இறங்கின.

மச்சினன் பாதிச் சவரத்தோடு உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தான். இருவரும் குடித்தார்கள். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

"சத்தம் கேட்டிருந்தா போயிருப்ப, இல்லையா மாப்ள?"

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். "உங்க மேல கோவம் எல்லாம் இல்ல மாமா. தூரத்துல வண்டி சத்தம் கேக்கும்போது அக்காவும் பின்னாடி உக்காந்து வருதுன்னே தோணும். அப்புறம் நீங்க மட்டும் இறங்குவீங்க. அத என்னால பாக்க முடியல."

எனக்கும் அவள்தானே போனாள், என்னை யார் பார்ப்பது என்று குழாய்க்காரர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "டீ நல்லாருக்கு," என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

இப்போதும் வியாழன் தவறாமல் போகிறார். பம்ப் ஹவுஸுக்கு முந்தின திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, மூன்று முறை ஹாரன் அடிக்கிறார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருக்கிறார். ஒரு ஆள் செருப்பை மாட்டி, கதவைப் பூட்டி, பின்பக்கமாக இறங்கிப் போக அவ்வளவு நேரம் ஆகும்.