சத்தம் குடுங்க, மேகம் எறங்குது

ரெண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காப்பி காயப்போடும் சிமென்ட் களத்தில், ஆளுக்கு ஒரு பக்கமாக, ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தோம். வலைக்கு இந்தப் பக்கம் ஒரு டீம், அந்தப் பக்கம் ஒரு டீம். யாருக்கும் யாரையும் தெரியவில்லை. கையை நீட்டினால் என் விரல் எனக்கே தெரியவில்லை... அப்படி ஒரு மேகம்.

அந்த மேகத்துக்குள்தான் ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டை முடிவுக்கு வந்தது. எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன், ஐம்பத்தாறு வயதில் உனக்கு வாலிபால் களத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் மகளும் போனில் அதைத்தான் கேட்டாள்.

எல்லாம் சேலத்து டாக்டர் ஆரம்பித்து வைத்தது. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, "நடங்கம்மா" என்றார். நடந்தேன். ஏற்காட்டில் ஏரியைச் சுற்றி நடக்க அருமையான ரோடு இருக்கிறது. அந்த ரோட்டோரம் முழுக்க மிளகாய் பஜ்ஜிக் கடைகளும் இருக்கின்றன. அடுத்த தடவை எடை பார்த்துவிட்டு டாக்டர், "நடக்கறீங்களா, இல்லையா?" என்றார். நடக்கிறேன் டாக்டர்... நிறுத்தி நிறுத்தி நடக்கிறேன்.

என் வீட்டுக்காரர் கதை வேறு. "லைஃப்ல ஒரு பேலன்ஸ் வேணும்" என்று சொல்லித்தான் சென்னையிலிருந்து மலைக்குக் குடிவந்தோம். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. ஜன்னலுக்கு வெளியே மேகம் போய்க்கொண்டிருக்கும். ஜன்னலுக்கு உள்ளே மீட்டிங் போய்க்கொண்டிருக்கும். வேலையையும் வாழ்க்கையையும் பேலன்ஸ் செய்வது எப்படி என்று அவர்கள் கம்பெனியில் ஆன்லைன் வகுப்பு வேறு நடத்துகிறார்கள். எப்போது தெரியுமா? சாயங்காலம் ஐந்து மணிக்கு. வெளியே போய் நாலு அடி நடக்கலாம் என்று மனிதனுக்குத் தோன்றுகிற நேரமாகப் பார்த்து.

பஜ்ஜிக்குப் பயந்து ரூட்டை மாற்றி, வெள்ளக்கடை ரோட்டில் நடக்க ஆரம்பித்தேன். அங்கே ஒரு எஸ்டேட்டுக்குள்ளிருந்து விசில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மார்கழி, தை மாதங்களில் காப்பிப் பழம் காய்கிற களம், மற்ற நாளில் காலிதானே? இரண்டு சில்வர் ஓக் கம்பை நட்டு, வலை கட்டி, ஆணும் பெண்ணும் கலந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். கலந்து ஆடுவதற்குப் பெரிய கொள்கை எதுவும் கிடையாது. தனித்தனியாகப் பிரித்தால் ரெண்டு பக்கமும் ஆள் பத்தாது, அவ்வளவுதான்.

விசில் ஊதிக்கொண்டிருந்தவர் எஸ்டேட் ரைட்டர். என்னைப் போலக் கதை அளக்கிற ரைட்டர் இல்லை. ஆள் வருகை, வேலை, கூலிக்கெல்லாம் கணக்கு எழுதுகிறவர்.

"ஏனுங்க, சும்மாதான நிக்கறீங்க? ஒரு ஆள் கொறையுது. உள்ள வாங்க" என்றார்.

"எனக்கு ஆடத் தெரியாதுங்களே."

"அதப் பாத்தாலே தெரியுதுங்க. சும்மா நில்லுங்க, பந்து வந்தா கையத் தூக்குங்க."

அன்று உள்ளே போனவள்தான். இன்னும் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறேன். பந்துக்கும் கைக்கும் எப்போதாவது சந்திப்பு நடக்கிறது.

பகலெல்லாம் மேட்டில் ஏறி இறங்கி, களை வெட்டி, மரக்கிளை கழித்துவிட்டு வருகிறவர்களுக்கு, சாயங்காலம் இந்த ஆட்டம் வேறு எதற்கு? எனக்குப் பக்கத்தில் நின்று ஆடுகிற தனத்திடம் கேட்டேன். தனம் எஸ்டேட்டில் களை வெட்டுகிறவர். எங்கள் டீமில் அவர் சர்வீஸ் போட்டால் எதிர்டீம் இரண்டடி பின்னால் போய்விடும்.

"வேலைல நாள் பூரா குனிஞ்சே கெடக்கறமுங்கக்கா. இங்க வந்தாத்தான் மேல பாக்கறது" என்றார்.

நான் நாள் பூரா லேப்டாப்பைப் பார்த்துக் குனிந்து கிடக்கிறவள். நானும் மேலே பார்த்தேன். பந்து மூக்கில் விழுந்தது.

இந்தக் களத்தில் இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, பந்து வந்தால் "நானு" என்று கத்த வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து ஆளைப் பார்த்து "எடு" என்று கத்த வேண்டும். வாயை மூடிக்கொண்டு ஆடக்கூடாது. இரண்டாவது சட்டம் இந்த மலைக்கென்றே வைத்தது. சேர்வராயன் கோயில் பக்கமிருந்து வெள்ளையாக ஒன்று கிளம்பி வந்தால், ரைட்டர் நீளமாக ஒரு விசில் ஊதுவார். உடனே அவரவர் நின்ற இடத்தில் அப்படியே நின்றுவிட வேண்டும். களத்துக்கு ஒரு பக்கம் குடோன் சுவர், இன்னொரு பக்கம் ஆள் உயரப் பள்ளம், அதற்குக் கீழே காப்பிச் செடிகள். முன்பொரு முறை ஒருவர் தைரியமாக நடந்து போய்ச் செடி மேல் உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு முறை, மேகம் கலைந்து பார்த்தால் ஒரு டீமில் ஒரு ஆள் அதிகமாக இருந்திருக்கிறது. யார் சர்வீஸ் என்று அன்றைக்கெல்லாம் தகராறாம்.

அதனால் மேகம் இறங்கினால் நிற்பது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ரைட்டர், "சத்தம் குடுங்க" என்பார். நிற்கிற வரிசைப்படி ஒவ்வொருவராகக் குரல் கொடுப்போம். எல்லாச் சத்தமும் வந்துவிட்டால் எல்லா ஆளும் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உண்மையைச் சொல்லட்டுமா? ஆட்டத்தைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். நகர முடியாது. போனைப் பார்க்க முடியாது. செய்வதற்கு ஒன்றுமே இல்லை. முகம் மட்டும் ஜில்லென்று நனையும். பக்கத்தில் யாரோ இருமுவார்கள், யாரோ எதையாவது சொல்லிச் சிரிப்பார்கள். இப்படிச் சும்மா நிற்பதற்கு நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்று நின்றபோதுதான் தெரிந்தது.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

தனத்தின் வீட்டுக்காரர் செல்வராசு. எஸ்டேட் பிக்கப் வண்டி ஓட்டுகிறவர். எங்கள் டீம்தான், தனத்துக்கு அந்தப் பக்கம் நிற்பார். இருவரும் கொட்டச்சேடு கிராமத்திலிருந்து ஒரே டூவீலரில் வருவார்கள். அந்த வாரமும் வந்தார்கள்தான். ஆனால் இருவருக்கும் நடுவில் பந்துப் பை உட்கார்ந்திருந்தது.

விஷயம் இதுதான். பழம் பறிக்கிற சீசன் வரும்வரை எஸ்டேட்டில் வண்டிக்கு அதிக வேலை இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் டிரைவர் வேலை இருக்கிறது என்று செல்வராசுவின் சினேகிதர் போன் செய்திருக்கிறார். இவரும் "வரேன்" என்று சொல்லிவிட்டார். வீட்டில் சொல்லவில்லை. தனத்துக்கு அது தெரிந்தது பஸ்ஸில், பக்கத்து சீட்டுக்காரி மூலமாக. "உங்க ஊட்டுக்காரரு திங்கக்கெழம திருப்பூர் போறாராமா?" என்று அந்த அம்மா கேட்க, தனம் "ஆமாங்க" என்று சமாளித்துவிட்டு இறங்கியிருக்கிறார்.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. வீட்டில் பேசாமல் இருக்கலாம். வாலிபாலில் முடியுமா? எங்கள் டீம் வரிசையாகத் தோற்றது. இருவருக்கும் நடுவில் எந்தப் பந்து வந்தாலும் "நானு" என்றும் சத்தம் இல்லை, "எடு" என்றும் சத்தம் இல்லை. இருவரும் பந்தையே பார்ப்பார்கள். பந்து மரியாதையாக நடுவில் வந்து விழும். எதிர்டீமுக்கு இது இரண்டே நாளில் புரிந்துவிட்டது. எல்லாப் பந்தையும் அங்கேயே போட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் ஒன்று விழுந்தது. விழுந்து, குதித்து, பள்ளத்துக்குள் போய்விட்டது. யார் அடித்து வெளியே போனதோ அவர் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். இதை யார் அடித்தார்கள்? இருவரும் தொடவே இல்லையே. அந்தப் பேச்சு நடக்கும்போதே மேகம் வந்துவிட்டது. ரைட்டர் நீளமாக விசில் ஊதினார். நின்றோம்.

"சத்தம் குடுங்க."

எதிர்ப்பக்கம் ஒவ்வொருவராக வந்தது. எங்கள் பக்கம் நான் கொடுத்தேன். என் பக்கத்தில் தனம் கொடுத்தார். அடுத்தது செல்வராசு. சத்தம் இல்லை.

"செல்வராசு..." என்றார் ரைட்டர். "செல்வராசு, வெளையாடாதீங்க. சத்தம் குடுங்க."

வலைக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்த பேச்செல்லாம் நின்றுவிட்டது. பள்ளத்தில் கல் அதிகம், அன்று காலையில் மழை வேறு. பக்கத்தில் தனம் மூச்சு வாங்குவது கேட்டது.

"ஏனுங்க..." என்றார் தனம். ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் புருஷனைக் கூப்பிட்ட முதல் வார்த்தை. "ஏனுங்க, எங்கிருக்கறீங்க?"

அப்புறம் எங்கோ கீழேயிருந்து, "இங்கதான் இருக்கறேன்" என்று வந்தது. பந்தை எடுக்க விசிலுக்கு முன்பே யாரிடமும் சொல்லாமல் இறங்கியிருக்கிறார். ஒரு இடத்தில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அடி எதுவும் இல்லை. ரைட்டர் கூப்பிட்டதும் கேட்டிருக்கிறது, வெட்கத்தில் வாயைத் திறக்கவில்லை.

தனத்துக்கு வந்ததே ஒரு கோபம்... ஆனால் சேலத்துப் பக்கத்துக் கோபம். அதிலும் 'ங்க' குறையாது.

"திருப்பூருக்குப் போனாலுஞ் சரி, பள்ளத்துக்குள்ள போனாலுஞ் சரி, ஒரு வார்த்த சொல்லீட்டுப் போனா என்னங்க?"

"சொன்னா நீ வேண்டாம்பே."

"வேண்டாம்னு சொல்றதுக்காச்சும் என்னையக் கேக்கோணுமில்லீங்களா?"

எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். ரைட்டர்கூட விசிலை வாயிலிருந்து எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"எந்தப் பக்கம் ஏறறதுன்னு தெரியல தனம்" என்றது கீழேயிருந்த குரல்.

"எஞ் சத்தத்தப் புடிச்சு வாங்க."

சத்தத்தைப் பிடித்து வர வேண்டுமென்றால் சத்தம் விடாமல் வர வேண்டும் அல்லவா? தனம் பேச ஆரம்பித்தார். ஒரு வாரமாகச் சேர்ந்ததெல்லாம் வந்தது. கேஸ் தீர்ந்துபோச்சு, பக்கத்து ஊட்டுல வாங்கி வெச்சிருக்கறேன். பாப்பாவுக்கு ஷூ பத்தல. சமையக்கட்டுல ஓடு ஒழுகுது, பாத்தரம் வெச்சிருக்கறேன். நீங்க சொல்லாமப் போவீங்கன்னு உங்க சட்டையெல்லாம் தொவச்சு மடிச்சு வெச்சுட்டேன், போற எடத்துல அழுக்குச் சட்ட போட்டுக்கிட்டா எனக்குத்தான அசிங்கம்?

அப்புறம் குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்கு நொம்ப பயமா இருக்குதுங்க. ராத்திரில அந்த ஊட்டுல நீங்க இல்லாம நான் இருந்ததே இல்ல."

நான் சத்தியமாகச் சொல்கிறேன், காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று நினைத்தேன். பொத்தவில்லை. கண்தான் நனைந்தது. மேகத்தில் எல்லார் முகமும் நனைந்துதான் இருக்கும், யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

செடி சலசலத்தது. பக்கத்தில் ஆள் வந்து நிற்பது தெரிந்தது. மெதுவாக ஒரு குரல் கேட்டது: "போவட்டுமா தனம்?"

செல்வராசு கேட்கப் பயந்தது இந்தக் கேள்வியைத்தானே? தனம் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நானும் நினைத்தேன்.

"கார்த்திகை பொறந்து சீசன் வந்தா திரும்பி வந்துருவீங்களா?" என்றார் தனம். "அதுவரைக்கும் வாராவாரம் சனிக்கெழம ராத்திரி ஊட்டுக்கு வந்துரோணும். ஞாயித்துக்கெழம ஆட்டத்துக்கு ஆள் வேணும்."

"வந்தர்றேன்."

"அப்பப் போயிட்டு வாங்க."

அவ்வளவுதான். கேட்டிருந்தால் ஒரு வாரம் முன்பே கிடைத்திருக்கும் பதில். மேகம் கலைந்தபோது எல்லாரும் வெவ்வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்தோம். யார் காதிலும் எதுவும் விழவில்லை என்பதுபோல அப்படி ஒரு நடிப்பு. "யார் சர்வீஸுங்க?" என்று ரைட்டர் கேட்டார். யாருக்கும் ஞாபகம் இல்லை.

உடம்புக்கு எக்சர்சைஸ், மனசுக்கு ரிலாக்ஸ் என்று என்னென்னவோ படிக்கிறோம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வீட்டுக்குள் நேருக்கு நேர் உட்கார்ந்தால் வராத பேச்சு, வெளியே வந்து வேர்த்தால் சில சமயம் வந்துவிடுகிறது.

செல்வராசு திங்கட்கிழமை திருப்பூர் போனார். மற்ற நாட்களில் டீமில் ஆள் குறைந்தது. "உங்க ஊட்டுக்காரரு சும்மாதான இருக்காரு, கூட்டீட்டு வாங்க" என்றார் ரைட்டர். சும்மா இல்லைங்க, பேலன்ஸ் பற்றி மீட்டிங்கில் இருக்கிறார் என்றேன். ஆனாலும் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். வர மாட்டார் என்று நானே முடிவு செய்து, இத்தனை நாளாகக் கேட்காமலே இருந்திருக்கிறேன். மனிதர் லேப்டாப்பை மூடிவிட்டு, "என்ன போட்டுக்கிட்டு வரணும்?" என்றார். இப்போது அவரும் நின்று கையைத் தூக்குகிறார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. செல்வராசு வந்திருந்தார். டூவீலரில் பந்துப் பை முன்னால் தொங்கியது. ஆட்டம் மும்முரமாகப் போய்க்கொண்டிருக்கும்போது, உயரமாக ஒரு பந்து இருவருக்கும் நடுவில் வந்தது.

"நீங்க எடுங்க" என்றார் தனம்.

"நீ எடும்மா" என்றார் செல்வராசு.

இருவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். பந்து நடுவில் விழுந்து பள்ளத்துக்குள் போனது. பாயின்ட்டும் போனது. அதை எடுக்க இருவரும் சேர்ந்து இறங்கினார்கள். ஏறி வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

ரைட்டர் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி நின்றார். சத்தம் குடுங்க என்று கேட்கவே இல்லை.